பட்டினிக்குப் பெயர் எழுதிய ஓவியர்

கண்டக்குழி போன்ற கரையோரக் கிராமமொன்றில் வள்ளம் கடலில் இறங்காவிட்டால் அடுப்பு எரியாது என்பதை நாம் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. யுத்தத்தின் பெயரால் ஒரு மாகாணத்தின் வள்ளங்களைப் பறித்து, பின்னர் அங்கு மூண்ட பட்டினியையும் ஓர் அரசு மறைக்க முற்பட்ட காலம் ஒன்றிருந்தது. அந்த மறைப்பைத் தமது சித்திரங்களால் அம்பலப்படுத்தியவர்களுள் முக்கியமானவர் வங்காள ஓவியர் சித்தபிரசாத்.

1915இல் நைஹாட்டியில் பிறந்து சிட்டகொங்கில் கல்லூரிக் கல்வி பெற்ற இவர், குலத்தைக் காட்டும் பட்டாச்சார்யா என்ற பெயரைத் துறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்து, அதன் வெளியீடுகளுக்குக் கேலிச்சித்திரங்களும் சுவரொட்டிகளும் வரைந்தார். பாசிசத்துக்கு எதிரான போரை அக்கட்சி ஆதரித்தது. ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்து இவரும் வரைந்தார்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. இலங்கையில் அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. வங்காளத்திலோ, எதிரியின் கைக்கு எட்டக்கூடாதென்று கரையோர மாவட்டங்களின் அரிசியை அரசு அப்புறப்படுத்தியது. பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏறக்கூடிய வள்ளங்களில் 40,000க்கும் அதிகமானவை பறிக்கப்பட்டன அல்லது அழிக்கப்பட்டன. மீனவரும் படகோட்டிகளும் தொழிலிழந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் சூறாவளி மிதுனாப்பூரைச் சிதைத்தது. விலையேற்றமும் பதுக்கலும் எஞ்சியதைப் பறித்தன. பட்டினியாலும் தொற்றுநோயாலும் மாண்டோர் சுமார் 30 இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகின்றது.

ஆயினும், பஞ்சச் சட்டக்கோவையின்படி பஞ்சம் எனப் பிரகடனம் செய்ய அரசு முன்வரவில்லை. செய்திகள் யுத்தகாலத் தணிக்கையில் சிக்கின. 1943 ஓகஸ்டில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை புகைப்படங்களை வெளியிட்ட பின்னரே அவலத்தின் பரிமாணம் வெளியுலகில் பரவலாக உணரப்பட்டது. ஜைனுல் ஆபிதீன் கல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்தோரைக் கருமையால் தீட்டியதும் இக்காலத்திலேயே.

அவ்வாண்டு நவம்பரில் சித்தபிரசாத் மிதுனாப்பூர்க் கிராமங்களுக்குச் சென்றார். கண்டவர்களை மையால் வரைந்தார். வரையப்பட்டவர் யார், எந்த ஊர், எதை இழந்தார் என்பதையும் குறித்துக்கொண்டார். இச்சித்திரங்களும் குறிப்புகளும் பசித்த வங்காளம் எனப் பொருள்படும் தலைப்பில் பம்பாயில் ஆங்கில நூலாக வெளிவந்தன. அச்சிடப்பட்ட 5,000 பிரதிகளைப் பிரித்தானிய அரசு கைப்பற்றி எரித்தது. குடும்பத்தினர் காத்து வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்தே 2011இல் அந்நூல் மறுபதிப்புப் பெற்றது.

ஆயுதமற்ற ஓர் ஓவியருக்கு அரசு ஏன் அஞ்சியது? பட்டினிச் சாவு என்ற பொதுச்சொல்லை மறுக்கலாம். தொகையைக் குறைத்துக் காட்டலாம். பழியைப் பிறர் மீது சுமத்தலாம். பெயரும் ஊரும் முகமும் உடைய ஒரு மனிதரை இல்லை என்று சொல்வது எளிதன்று.

நாற்பதுகளின் இறுதியில் கட்சியிலிருந்து விலகிய சித்தபிரசாத், பம்பாயின் அந்தேரியில் வறுமையோடு வாழ்ந்தும் வரைவதை நிறுத்தவில்லை. 1978இல் மறைந்தார்.

எதிரியின் பொய்யைக் கேலி செய்வது எந்த யுத்தத்திலும் எளிது. அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். தாம் ஆதரித்த போரை நடத்திய அரசு மறைத்ததை வரைந்ததே சித்தபிரசாத்தின் பெருமை என்போம்.

2009இல் முடிந்த நமது யுத்தத்திலும் ஒவ்வொரு தரப்பும் மறுதரப்பின் பொய்யை மட்டுமே பெரிதாகக் கண்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பிரதேசங்களில் தஞ்சமடைந்தனர். அவர்களைத் தொகையாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். எந்த ஊர், எந்த வீடு, எதை விட்டு வந்தார்கள் என்பதைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் நம்மிடையே குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவதும் வரைவதும் தமிழ் பேசும் நம் அனைவரதும் கடமையாகும்.