சித்திரத்தில் சுயராஜ்யம்

திண்டுக்கல்லில் வசிப்போர் யாவரும் மலைக்கோட்டைப் பாறையைத் தினந்தோறும் காண்கின்றனர். ஆயினும் அப்பாறையின் நிறம் யாதெனக் கேட்டால், பழக்கம் பற்றிக் கறுப்பென்றோ சாம்பலென்றோ சொல்லிவிட்டு அப்பாற் செல்வர். அது காலையில் ஒரு நிறமாகவும், மழை பெய்து ஓய்ந்தபின் வேறொரு நிறமாகவும் தோன்றுவதை நின்று நோக்கியவர் வெகு சிலரே. காண்பதற்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை ஆயுள் முழுவதும் செய்து, பாரத நாட்டான் ஒருவன் தன் கண்ணால் உலகத்தைக் காண்பதெங்ஙனம் என்ற கேள்வியோடு மல்லுக்கு நின்றவர் காலஞ்சென்ற சித்திரக்காரர் ஸ்ரீ கே. ஸி. எஸ். பணிக்கர். அவரது சரிதையை நம் நேயர்கள் அறிவது நலம்.

அவர் 1911-ஆம் வருஷம் கோயமுத்தூரில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். பொன்னானிப் பக்கத்து நீர்நிலைகளும் தென்னஞ்சோலைகளும் இளமையிலேயே அவர் மனத்தைக் கவர்ந்தன. சிறு பிராயத்திலேயே அவற்றை நீர்வர்ணத்தில் தீட்டத் தொடங்கினார். சென்னையில் கல்லூரியிற் படிக்குங்கால் தந்தை காலமானபடியால், படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் உத்தியோகம் ஏற்க நேர்ந்தது. நம்மவரில் எத்தனை பேருடைய கலையார்வம் இத்தகைய உத்தியோக நாற்காலியிலேயே சமாதியடைந்திருக்கிறது! பணிக்கரோ அதைத் துறந்து, 1936-இல், இருபத்தைந்தாம் வயதில், சென்னைச் சர்க்கார் சித்திரப் பள்ளியில் மாணாக்கராகச் சேர்ந்தார்.

அப்பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் தொடங்கியது அது. நம் கைத்தொழிலாளரை ஐரோப்பிய முறையிற் பழக்குவதே அதன் ஆதி நோக்கங்களில் ஒன்று. 1929-இல்தான் இந்தியர் ஒருவர் அதன் தலைமையை ஏற்றார். சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையைச் சமைத்த ஸ்ரீ தேவி பிரஸாத் ராய் சௌதுரியே அவர். அவரிடம் பயின்ற பணிக்கர் அங்கேயே ஆசிரியராகி, 1944-இல் முற்போக்குச் சித்திரக்காரர் சங்கத்தைத் தோற்றுவித்து, 1957-இல் குருவின் ஸ்தானத்திலேயே அமர்ந்தார்.

1954-இல் அவர் ஐரோப்பா சென்று தம் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். பிறநாட்டார் சித்திரங்களை அவரவர் நாட்டிலேயே கண்டபின், தம் சித்திரத்தில் தம் நாட்டுக்குரியது யாது என்ற வினா அவரை விடவில்லை. புராணக் கதைகளை எழுதினால் பாரதீயம் வந்துவிடும் என்று கருதினோர் அக்காலத்தில் பலர். அஜந்தாக் கோடுகளைப் பிரதி செய்தோரும் உண்டு. வேஷம் மாறினால் ஆள் மாறிவிடுவானா? பணிக்கர் வேறு வழி தேடினார்.

1963-இல் சொற்களும் சின்னங்களும் என்ற பெயரால் அவர் ஒரு சித்திர வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், எண்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த வரிவடிவங்கள் ஆகியவை திரை முழுவதும் நிறைந்திருக்கும். அவ்வெழுத்துக்களை எவராலும் வாசிக்க இயலாது. வக்கீல் தொழில் புரிந்த நமக்கு, முதலிற் கண்டபோது, செல்லரித்த பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எதிர்க்கட்சியார் தாக்கல் செய்ததுபோல் எரிச்சலே உண்டாயிற்று. நெடுநேரம் நோக்கியபின் வேறொன்று புலப்பட்டது. ஏட்டுச் சுவடியையும் பஞ்சாங்கத்தையும் தாயத்துத் தகட்டையும் பொருள் தெரியாமலே வணக்கத்தோடு பார்த்த நம் பாட்டிமாரின் பார்வை அது. தென்னஞ்சோலையை வரைந்த கை, அச்சோலையினடியில் வாழும் ஜனங்கள் உலகத்தைக் குறித்து வைக்கும் முறையையே வரையத் துணிந்துவிட்டது. இது வெறும் விநோதம் என்று கண்டித்தவர்கள் இருந்தனர். அவர்கள் கட்சியிலும் சிறிது நியாயம் உண்டு. எனினும் மேனாட்டான் வகுத்த இலக்கணத்திற்கு விடை எழுதும் மாணாக்கனாக அவர் அதன்பின் இருக்கவில்லை.

பசியின் கேள்வி ஒன்று மீதியிருந்தது. சித்திரம் எழுதினால் சோறு கிடைக்குமா என்று நம்மூர்த் தந்தைமார் கேட்பது தவறன்று. பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் பாத்திக் துணிகளும் பிற கைவேலைகளும் செய்து விற்று, அப்பணத்தைத் திரட்டி, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் மணற்பாங்கான கடற்கரை நிலத்தை வாங்கினர். 1966-இல் அங்கே சோழமண்டலக் கலைஞர் கிராமம் எழுந்தது. சர்க்கார் மானியத்தையோ ஜமீன்தார் தயவையோ எதிர்பாராமல், பூட்டுச் செய்யும் நம் திண்டுக்கல் தொழிலாளியைப் போலக் கைத்திறனைக் கொண்டே பிழைத்து, எஞ்சிய பொழுதில் தாம் விரும்பியதைத் தீட்டினர். சித்திரக்காரன் கைத்தொழில் செய்வது இழிவென்ற எண்ணத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

1967-இல் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர், 1977-இல் காலமானார். அவருடைய புதல்வர் ஸ்ரீ நந்தகோபால் அக்கிராமத்திலேயே உலோகச் சிற்பங்கள் சமைத்து 2017-இல் மறைந்தார். பணிக்கரின் சித்திரங்கள் பல திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் அமைந்த சித்திரசாலையில் இருக்கின்றன. சென்னைக்குச் செல்லும் நம் நேயர்கள் மகாபலிபுரம் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினால், அவரும் தோழர்களும் எழுப்பிய கிராமத்தையும் அதன் காட்சிசாலையையும் காணலாம்.