கோடைமலையின் சூரிய சாஸ்திரி

திண்டிவனம் பஸ் நிலையத்தில் கைப்பேசியில் வழி பார்ப்பவரும், விழுப்புரம் ஜங்ஷனில் மின்சாரத்தால் ஓடும் ரயிலுக்குக் காத்திருப்பவரும், மரக்காணத்திலிருந்து கடலேகித் திசைகாட்டும் செயற்கைக்கோளை நம்பிக் கரை திரும்பும் மீனவரும் சூரியனுடைய சீற்றத்துக்கு உட்பட்டவர்களே என்பதைப் பலர் அறியார். சூரிய களங்கங்களின் அருகே திடீரென மூளும் ஜ்வாலையின் கதிர்கள் எட்டே நிமிஷத்தில் பூமியை எட்டிச் சிற்றலை ரேடியோவை மங்கச் செய்கின்றன. சில சமயம் அதனுடன் வீசியெறியப்படும் மின்னேற்ற வாயு ஓரிரு நாட்களில் வந்து மோதினால் காந்தப் புயல் எழும். நீண்ட மின் கம்பிகளில் வேண்டாத மின்சாரம் பாயும். 1989-ம் வருஷம் மார்ச்சு 13-ந் தேதி கானடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது இதனாலேயே.

இக்களங்கங்களின் இயல்பைத் தமிழ் நாட்டிலிருந்து ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் ஜான் எவர்ஷெட். 1864-ல் இங்கிலாந்தின் ஸர்ரி ஜில்லாவில் பிறந்த அவர், ரஸாயனப் பரிசோதனை செய்து ஜீவனம் நடத்தி, ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளால் சூரியனை ஆராய்ந்தார். 1898-ம் வருஷத்துக் கிரகணத்தைக் காண இந்தியா வந்தவர், 1907-ல் கோடைக்கானல் நிலையத்தில் உதவியாளராக அமர்ந்தார். வான சாஸ்திரத்தில் தேர்ந்த அவருடைய மனைவி மேரி அவருக்குச் சிறந்த துணைவராயிருந்தார்.

அந்நிலையம் எழுந்த கதை நாம் மறக்கத் தகாதது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டோ என ஆராய வேண்டுமென்று பஞ்சக் கமிஷன் யோசனை கூறிற்று. அதன் பலனாகவே கோடைமலையில் சூரிய ஆராய்ச்சி வேரூன்றியது. பட்டினியால் மாண்ட ஏழைகளின் துயரமே அதற்கு அஸ்திவாரம்.

1909-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி களங்கங்களின் ஒளியைப் பகுத்து நோக்கிய எவர்ஷெட், அங்குள்ள வாயு, சுழற்காற்றைப் போலச் சுழலாமல், நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டார். விஞ்ஞான உலகம் அதற்கு அவர் பெயரையே சூட்டியது. 1911-ல் நிலையத்தின் தலைவரானார். 1915-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1923-ல் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்ற பின்னும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1956-ல் காலமானார்.

அன்னார் பணியாற்றிய நிலையத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்று உலக விஞ்ஞானிகளுக்குப் பெருநிதி. அதனை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே, 2023-ல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் பிரதானக் கருவியை அமைத்தது. ஆயினும், ஜ்வாலை எந்த நாழிகையில் மூளும் என முன்னரே உறுதியாகச் சொல்லும் வித்தை எவருக்கும் கைவரவில்லை. விழுப்புரம் ரயில்வே பள்ளியில் பயின்ற வீரமுத்துவேல் சந்திரயான்-3 திட்டத்தை நடத்தி வென்றார். அவ்வூரிலும் திண்டிவனத்திலும் இன்று பயிலும் இளைஞர் இப்பணியை ஏற்பாராக. பஞ்சத்தில் மாண்டோருக்கு நாம் பட்ட கடன் அதனால் ஓரளவேனும் தீரும்.