குருதித் தட்டணுக்களின் தொழில் கண்ட பிட்ஸொஸெரோ

காயம் பட்டவிடத்துக் குருதி சிறிது பெருகிப் பின் தானே நின்றுவிடுதலை நாம் யாவரும் அறிவோம். அங்ஙனம் நிறுத்த முற்படுவன யாவை என்னும் வினாவுக்கு விடை கண்டோருள் தலைசிறந்தவர் இத்தாலியப் பேரறிஞர் ஜூலியோ பிட்ஸொஸெரோ ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரைவோம்.

அவர் 1846-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் தேதி வட இத்தாலியிலுள்ள வரேஸே நகரிற் பிறந்தார். பவியா சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, 1866-இல் தமது இருபதாம் வயதிலேயே பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியராகி, நுண்பெருக்கியின் பயனை மாணவர்க்குப் போதித்தார். தம்மினும் மூன்றாண்டு மூத்தவரும், 1906-இல் நோபெல் பரிசு பெற்றவருமான கமில்லோ கால்ஜியும் அவர்பாற் பயின்றனர். செவ்வணுக்கள் எலும்பு மச்சையிற் பிறக்கின்றன என்பதை 1868-இல் வெளியிட்டார். பின்னர் டூரின் சர்வகலாசாலையில் நோயியற் பேராசிரியரானார்.

அக்காலத்தில் குருதியிலுள்ளவை செவ்வணு, வெள்ளணு என்னும் இருவகையே என்பது பலர் கொள்கை. மிகச் சிறிய துகள்கள் சிலவும் அதன்கட் காணப்பட்டனவெனினும், அவற்றைச் சிதைந்த அணுக்களின் எச்சமென்றனர் சிலர். பாரிஸ் நகரத்து ஹாயெம் என்பார் அவை செவ்வணுக்களின் இளநிலை என்றார். உடலினின்றும் வெளிவந்த குருதியில் அத்துகள்கள் விரைவில் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலைதலே இம்மயக்கத்துக்குக் காரணம்.

பிட்ஸொஸெரோவோ குருதியை அது ஓடுமிடத்திலேயே காணத் துணிந்தார். உயிருள்ள முயல், சீமைப்பெருச்சாளி ஆகியவற்றின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்விலுள்ள நாளங்களை நுண்பெருக்கியால் நோக்கினார். ஆண்டுச் சிறு தட்டுக்கள் ஏனைய அணுக்களுடன் தனித்தனியே ஓடக் கண்டார். ஆகவே அவை எச்சமல்ல, உயிர்க்குருதியின் மூன்றாம் உறுப்பே என்று துணிந்தார். நாளச்சுவரை ஊறுபடுத்தியபொழுது, அத்தட்டுக்களே முதற்கண் அங்கு ஒட்டித் திரண்டு அடைப்பாயின. புதுக்குருதியை நூலிழைகளால் அடித்துப் பார்த்தார். இழைகளின்மீது அத்தட்டுக்கள் படிந்தன. உறைதலும் அங்கேயே தொடங்கிற்று. இவற்றை 1882-இல் விரித்தெழுதினார்.

நுண்பெருக்கியையே வாழ்வாகக் கொண்ட அவருக்குக் கண்ணோய் மிகுந்து, அக்கருவியைக் கையாளல் இயலாதாயிற்று. எனினும் அவர் ஓய்ந்தாரல்லர். பொதுச் சுகாதாரத்திற் கருத்தைச் செலுத்தினார். 1890-இல் இத்தாலிய அரசின் மேற்சபை உறுப்பினரானார். 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் தேதி டூரினில் உயிர் நீத்தார்.

அவர் கண்ணாற் கண்ட திரட்சியை அளந்தறியும் முறையை 1962-இல் இலண்டனில் குஸ்டவ் பார்ன் என்பார் வெளியிட்டார். தட்டணுக்கள் நிறைந்த குருதிநீர் கலங்கலாயிருக்கும். அதனூடே ஒளியைச் செலுத்தி, அணுக்களைத் தூண்டும் மருந்தைச் சேர்ப்பர். அவை திரளத் திரள நீர் தெளிந்து, ஒளி மிகுதியாக ஊடுருவும். தட்டணுக்களின் தொகை குறையாதிருந்தும் அவை திரளாமையாற் குருதி நில்லாது வருந்துவோர் உளர். எண்ணுதல் மாத்திரத்தால் அறியவொண்ணாத அக்குறையை இச்சோதனை காட்டிக் கொடுக்கின்றது.

மாணவ நண்பர்களே! பொருளை அதன் இயல்பான நிலையிலே நோக்காது அதன் தொழிலைத் துணிதல் தகாது என்பதே அப்பெரியார் வாழ்வு நமக்குக் காட்டும் நெறியாகும்.