உரிமம் எண் ஒன்று

1932 அக்டோபர் 15. கராச்சியின் டிரிக் சாலை விமானத் திடலிலிருந்து ஒற்றை எஞ்சின் கொண்ட ‘பஸ் மாத்’ விமானம் ஒன்று மேலெழுந்தது. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்து சேர்த்த கடிதங்களில் சுமார் 25 கிலோ அதில் இருந்தது. வானொலித் தொடர்பு இல்லை. கீழே விரியும் நிலத்தின் அடையாளங்களைக் கண்களால் பார்த்தே வழி அறிய வேண்டும். இடையில் ஆமதாபாதில் எரிபொருள் நிரப்ப இறங்கியபோது, பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. அன்றே பம்பாயின் ஜுஹு திடலில் விமானம் இறங்கியது. ஓட்டிவந்த ஜே.ஆர்.டி. டாடாவுக்கு அப்போது வயது 28. அங்கிருந்து அஞ்சல் பையை பிரிட்டிஷ் விமானப்படையின் முன்னாள் விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் வழித்தடம் முடிந்த இடம் நம் சென்னை என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

1904-இல் பாரிஸில் பிறந்தவர் ஜே.ஆர்.டி. தந்தை பார்சி, தாய் பிரெஞ்சுப் பெண்மணி. ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவின் கோடைக்கால வீடு, இவர்கள் குடும்பம் விடுமுறைக்குச் செல்லும் கடற்கரை ஊரில் இருந்தது. சிறுவனின் மனத்தில் விழுந்த அந்த விதை 1929 பிப்ரவரி 10-இல் முளைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட விமானி உரிமங்களில் முதலாவது அன்று அவருக்குக் கிடைத்தது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிக் கிளம்பினார். எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்த ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர், எகிப்தின் அபுகிர் விமானத் திடலில் தீப்பொறிச் செருகி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அங்கே இறங்கிய ஜே.ஆர்.டி. தம்மிடமிருந்த உபரிச் செருகியைப் போட்டியாளருக்கே கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி வென்றார். பரிசை இழந்தவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வென்றவரோ பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

அஞ்சல் சேவைத் திட்டத்தை முதலில் கொண்டுவந்தவர் வின்சென்ட்தான். டாடா குழுமத்தின் மூத்தவரான தோராப்ஜி தயங்கினார். இரண்டு லட்ச ரூபாய் முதலீட்டுக்கு அவரைச் சம்மதிக்கவைப்பதே பெரும்பாடாக இருந்தது. மானியம் தர அரசு முன்வரவில்லை. மழைக்காலத்தில் ஜுஹு திடல் சேறாகிவிடும் என்பதால் விமானங்களைப் புனேவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அத்தனை இடையூறுகளுக்கு நடுவிலும் நேரந்தவறாமையில் அந்தச் சிறு நிறுவனம் பெயர் வாங்கியது. 1942-இல் போர்க்கால விமானப் பயணம் ஒன்றில் வின்சென்ட் மறைந்தார். அவர் பெயரை நாம் இன்னும் சற்றுக் கூடுதலாக நினைத்திருக்கலாம்.

1946-இல் ஏர் இந்தியா உருவானது. 1948 ஜூன் 8-இல் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. அந்தப் பன்னாட்டு நிறுவனத்தில் அரசின் பங்கு 49 விழுக்காடு. ஐந்தே ஆண்டுகளில், 1953-இல், எல்லா விமான நிறுவனங்களும் நாட்டுடைமையாயின. ஜே.ஆர்.டி. மனம் கசந்தார். போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த டகோட்டா விமானங்களை நம்பி அளவுக்கு மீறி உரிமங்களை வழங்கியதே துறை நலியக் காரணம் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. நேரு அவரது நண்பர். ஆனாலும் முடிவு மாறவில்லை.

இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை என்னை ஈர்க்கிறது. பறிகொடுத்தவர் விலகிப்போயிருக்கலாம். அவரோ, அரசு கேட்டுக்கொண்டதும் தாம் உருவாக்கிய நிறுவனத்துக்கே ஊதியம் பெறாத தலைவராகி, கால் நூற்றாண்டு அதை நடத்தினார். பயணியாக ஏறினால் கையில் குறிப்பேடு இருக்கும். தேநீரின் நிறம், திரைச்சீலை, கழிவறையின் தூய்மை எல்லாம் அதில் இடம்பெறும். அவரை நாட்டுடைமையால் வஞ்சிக்கப்பட்ட முதலாளியாக மட்டும் காட்டுவோர், ஏர் இந்தியாவின் பொற்காலம் அரசுடைமையின்கீழ்தான் அமைந்தது என்பதைச் சொல்வதில்லை. அரசு நிறுவனம் என்றாலே இப்படித்தான் என்று சலித்துக்கொள்வோருக்கும் அந்த 25 ஆண்டுகள் சங்கடமானவை. நெருக்கடி நிலையை அவர் ஆதரித்தது பிழை என்றே கருதுகிறேன். ஆனால், அந்தப் பிழை இந்த உழைப்பைக் கழித்துவிடாது.

1978 புத்தாண்டு நாளில் ‘எம்பரர் அசோகா’ விமானம் பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் மாண்டனர். மறு மாதமே மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட பி.சி. லால் சொல்லித்தான் அவருக்கே செய்தி தெரிந்தது. பின்னர் இந்திரா காந்தி அவரை மீண்டும் இயக்குநர் குழுவில் சேர்த்தார். தலைவர் பதவி திரும்பவில்லை.

முதல் பயணத்தின் பொன்விழா 1982 அக்டோபர் 15-இல் வந்தது. 78 வயதில், பழைய ‘லெப்பர்ட் மாத்’ விமானம் ஒன்றில் ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து தனியாகப் புறப்பட்டார். இம்முறையும் ஆமதாபாதில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஜுஹுவில் வந்து இறங்கினார்.