புகையை அடக்கிய ரிக்கார்டோ

ஐ.சி. எஞ்சின் பேப்பர் எழுதினவங்களுக்கு ரிக்கார்டோ என்ற பெயர் பழக்கம்தான். காமெட் ஸ்வர்ல் சேம்பர் படம் போட்டு, அம்புக்குறி எல்லாம் வரைஞ்சு மார்க் வாங்கியிருப்பீங்க. அந்த ஹாரி ரிக்கார்டோ முதலில் பெரிய அளவில் சாதித்தது ராணுவ டாங்கி எஞ்சினில் என்பது பலருக்குத் தெரியாது.

1885இல் லண்டனில் பிறந்தவர். தாத்தா அலெக்சாண்டர் ரெண்டெல், இந்திய ரயில்வேக்கு ஆலோசகராக இருந்த சிவில் இன்ஜினியர். பேரனுக்கோ எஞ்சின் பைத்தியம். 1904இல் கேம்பிரிட்ஜில் முதல் வருஷம் முடிக்கும்போது ஒரு மைலேஜ் போட்டி: 1.14 லிட்டர் பெட்ரோலில் யார் வண்டி அதிக தூரம் போகும்? வந்ததிலேயே கனமான எஞ்சின் ரிக்கார்டோவுடையது. 64 கிலோமீட்டர் ஓட்டி ஜெயிச்சுட்டார்!

இப்போ 1916 செப்டம்பருக்கு வாங்க. சோம் போர்க்களத்தில் உலகின் முதல் டாங்கிகள் இறங்கின. எடை சுமார் 28 டன். உள்ளே 105 எச்.பி. டெய்ம்லர் எஞ்சின். சக்தி பத்தலை என்பது ஒரு பக்கம். அதைவிட ஆபத்து, புகை. அது ஸ்லீவ் வால்வு எஞ்சின். ஸ்லீவ்கள் உரசாமல் இருக்க நிறைய ஆயில் வேணும். சரிவிலும் பள்ளத்திலும் டாங்கி சாய்ஞ்சு நிக்கும்போது அந்த ஆயில் சிலிண்டருக்குள்ள போயிடும். திராட்டில் கொடுத்ததும் குப்னு நீலப்புகை. ஒளிஞ்சு நிக்கிற டாங்கி தானே எதிரி பீரங்கிக்கு அடையாளம் காட்டிடும். உள்ளே இருக்கிற எட்டுப் பேர் கதி என்ன?

டாங்கியை ரயில் வேகனில் ஏற்ற ஒரு வழி கேட்டுத்தான் ரிக்கார்டோவை முதலில் கூப்பிட்டார்கள். அங்கிருந்து பேச்சு எஞ்சினுக்குப் போனது. அப்போ அவர் வயசு முப்பத்தொண்ணு. கைக்குக் கிடைச்ச பொருளும் குறைவு: அலுமினியமும் உயர்தர ஸ்டீலும் விமானத்துக்குப் போயிடும். நல்ல பெட்ரோலும் அப்படித்தான். அதனால கம்ப்ரஷன் ரேஷியோவை ஏத்தவும் முடியாது.

அவர் செஞ்சதைக் கொஞ்சம் கவனிங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. நீராவி எஞ்சினில் இருக்குமே, கிராஸ்ஹெட், அதைப் பெட்ரோல் எஞ்சினுக்குள் கொண்டுவந்தார். கனெக்டிங் ராடின் பக்கவாட்டு அழுத்தத்தைக் கிராஸ்ஹெட் வாங்கிக்கும். அதனால பிஸ்டனுக்கும் கிராங்க்கேஸ் ஆயிலுக்கும் நடுவே தடுப்பு வைக்க முடிஞ்சது. கார்புரேட்டருக்குப் போற காற்றையும் அந்த வழியா இழுத்து பிஸ்டனைக் குளிர வைத்தார். ஆறு சிலிண்டர், 150 எச்.பி. ஆயில் மேலே ஏறலை, புகையும் அடங்கிச்சு.

1918இல் மார்க் V டாங்கி இந்த எஞ்சினோடு வந்தது. வில்சனின் கியர்பாக்ஸும் சேர்ந்ததால், முன்னாடி நாலு பேர் சேர்ந்து ஓட்டின டாங்கியை ஒரே டிரைவர் ஓட்டினார். எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. மார்க் V-இன் காற்றோட்டம் மோசம். ஆகஸ்ட் 8 அன்று அமியான் சண்டையில் எஞ்சின் சூட்டிலும் வாயுவிலும் வீரர்கள் மயங்கி விழுந்தார்கள். வெளியே தெரிஞ்ச புகையை ஒழிச்சாச்சு, உள்ளே இருந்த நச்சுக்காற்று அப்படியே இருந்தது.

எஞ்சினோ வளர்ந்துகிட்டே போனது. நீட்டிக் கட்டிய மார்க் V டாங்கிக்கு 225 எச்.பி., பிரிட்டிஷ் மார்க் VIII-க்கு 300 எச்.பி. வி-12. சில நூறு 150 எச்.பி. எஞ்சின்கள் டாங்கியில் ஏறவே இல்லை. பிரான்சில் மருத்துவமனைக்கும் பட்டறைக்கும் கரண்ட் கொடுத்தன.

சுமார் 8,000 எஞ்சின், அதற்கு ராயல்டி 30,000 பவுண்ட். அந்தப் பணத்தில் ஷோரம் என்ற கடலோர ஊரில் நிலம் வாங்கி ஆய்வுக்கூடம் கட்டினார். போர்க்காலத்தில் மட்டமான பெட்ரோலோடு மல்லுக்கட்டினவர், எந்தப் பெட்ரோல் எந்தக் கம்ப்ரஷனில் நாக் ஆகுதுன்னு அளக்க E35 என்ற எஞ்சினை உருவாக்கினார். ஓடும்போதே கம்ப்ரஷனை மாத்தலாம்! பின்னாளில் ஆக்டேன் எண் வர அந்த வேலை வழி போட்டது.

1948இல் சர் பட்டம். 1974 மே மாதம், 89 வயதில் காலமானார். ஷோரம் ஆய்வுக்கூடம் இன்னும் அவர் பெயரில்தான் இயங்குது.