கமரா வைத்திருந்தவர் ஓவியர்களைக் கைவிடவில்லை

சென்ற மாதம் என் கட்டுரையொன்றுக்குப் படம் தேவைப்பட்டது. வழமையாக வரைந்து தரும் நண்பரிடம் கேட்காமல், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் இரண்டு வரிகளைத் தட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் நான்கு படங்கள் வந்தன. காசும் மிச்சம், நேரமும் மிச்சம். கட்டுரை வெளியானதும் முதலில் விருப்பக்குறி இட்டவர் அதே நண்பர்தான். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. இயந்திரம் கலைஞரின் இடத்தைப் பிடித்துவிடுமா என்ற கேள்வியை இனி ஊடகக் கருத்தரங்குகளுக்கு உரிய தலைப்பாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இந்தக் கேள்வியோடு நான் தேடிப்போன மனிதர் லயனல் வென்ட். கொழும்பில் நாடகம் பார்க்கும் பலருக்கு அது ஓர் அரங்கின் பெயர் மட்டுமே.

1900 டிசம்பர் 3ஆம் திகதி கொழும்பில், பறங்கியர் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் அவர் பிறந்தார். தந்தை உயர் நீதிமன்ற நீதியரசர். 1919இல் லண்டனுக்குப் போன வென்ட் அங்கே சட்டமும் பியானோவும் பயின்றார். 1924இல் நாடு திரும்பிய பிறகு சட்டத்தொழில் அவரைப் பிடித்து வைக்கவில்லை; பியானோ பிடித்து வைத்தது. 1930களின் தொடக்கத்தில் கமரா அவரை முழுமையாக ஆட்கொண்டது.

அந்தக் கமராவும் ஒருகாலத்தில் கலையின் எதிரியாகப் பார்க்கப்பட்டதுதான். 1839இல் பாரிஸில் டகேரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்ட பின், ஐரோப்பாவில் சிறிய உருவப்படங்கள் வரைந்து பிழைத்த ஓவியர்கள் பலரின் தொழில் படுத்துவிட்டது. சிலர் தாங்களே புகைப்படக்காரர்களாக மாறினார்கள். ஓவியம் அழியவில்லை. ஆனால் அந்த ஓவியர்களின் வயிற்றுப்பிழைப்புப் போனது உண்மை. இதை மறைத்துவிட்டு ஆறுதல் சொல்வது நேர்மையாகாது.

வென்ட், கண்ணால் கண்டதை அப்படியே பதிவதோடு நின்றுவிடவில்லை. உழைப்பாளர்களையும் நடனக் கலைஞர்களையும் கிராமங்களையும் படமெடுத்தார். இருட்டறைக்குள் பல நெகட்டிவ்களை ஒன்றிணைத்தார். படம் கழுவப்படும் நேரத்தில் அதன்மேல் கணநேரம் ஒளி விழச்செய்து, வெளிச்சத்தையும் நிழலையும் தலைகீழாக்கினார். 1934இல் வெளிவந்த பசில் ரைட்டின் சொங் ஒஃப் சிலோன் ஆவணப்படத்தில் ஒலிக்கும் வர்ணனைக் குரல் அவருடையது. 1938இல் லண்டனில் அவரது தனிநபர் புகைப்படக் கண்காட்சி நடந்தது.

இயந்திரத்தை இவ்வளவு கைவசப்படுத்திய ஒருவர் ஓவியம் பழையதாகிவிட்டது என்று ஒதுங்கியிருக்கலாம். அவர் செய்தது வேறு. ஜோர்ஜ் கீற் போன்ற புதிய ஓவியர்களுக்கு ஆண்டுக்கணக்காகத் துணை நின்றார். அன்றைய கலைச்சங்கத்தின் பழமைப்போக்கு அவர்களுக்கு இடங்கொடுக்காதபோது, 1943 ஓகஸ்ட் 29ஆம் திகதி கில்போர்ட் கிரசன்டில் இருந்த வென்டின் வீட்டில் அவர்கள் கூடினார்கள். 43 குழு அங்கே பிறந்தது. கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஒப்ரி கொலெட் எனப் பலர் அதில் இருந்தார்கள். இலங்கையின் நவீன ஓவியம் நிமிர்ந்து நின்றதில் ஒரு புகைப்படக்காரரின் வீட்டுக்குப் பெரும் பங்குண்டு.

அடுத்த ஆண்டு டிசம்பர் 19ஆம் திகதி, 44 வயதில் அவர் திடீரென இறந்தார். அவரது நெகட்டிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டன. அவர் கைப்பட அச்சிட்ட படங்களே மிஞ்சின. 1950இல் அவற்றின் தொகுப்பு லண்டனில் நூலாக வந்தது. 1953இல், அவரது வீடு இருந்த இடத்தில் அரங்கு திறக்கப்பட்டது.

வென்டின் வாழ்க்கை இன்றைய கேள்விக்கு முழுப்பதில் தராது. அவர் வசதியான குடும்பத்துப் பிள்ளை. படம் விற்று அரிசி வாங்க வேண்டிய நிலையில் இருந்தவரல்ல. அவருடைய கமரா எதிரே நிற்கும் மனிதரின் மேல் விழுந்த ஒளியைப் பதிந்தது. இன்றைய செயலிகளோ, பிறர் வரைந்ததும் எடுத்ததுமான கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்றவை. அந்தப் படங்களுக்கு உரியவர்களில் பெரும்பாலானோரிடம் யாரும் கேட்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை.

ஆனாலும் ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். என் நண்பரின் இடத்தைச் செயலி தானாக வந்து பிடிக்கவில்லை. அவரிடம் கேட்காமல் விட்டவன் நான். புதிய கருவி கையில் இருந்தபோதும் வென்ட் தூரிகைக்காரர்களுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்.

இந்தக் கட்டுரைக்கான படத்தை நண்பரிடமே கேட்டேன். கூலியையும் முதலே பேசிக்கொண்டோம். வரைய மூன்று நாட்கள் வேண்டும் என்றார். கட்டுரை மூன்று நாட்கள் காத்திருந்தது.