காத்திராத தூக்குமரம்

மேன்முறையீட்டின் முடிவு தெரியும்வரை முந்திய தீர்ப்புக் காத்திருக்க வேண்டுமா? இவ்வினா எழும்போதெல்லாம் வங்கத்து மகாராசா நந்தகுமாரரே என் நினைவுக்கு வருகிறார்.

வீர்பூம் நாட்டு அந்தணர் குடியில் பிறந்த அவர், நவாபுகளின் இறைவரிப் பணியில் படிப்படியாக உயர்ந்தவர். 1764 இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலமிடம் மகாராசாப் பட்டமும் பெற்றார். சூழ்ச்சியறியாத துறவி என அவரை நான் சொல்லமாட்டேன். ஆயினும் அவருக்கு நேர்ந்தது சிறு கொடுமையன்று.

1775 மார்ச்சில், ஆள்பதி நாயகம் வாரன் ஹேஸ்டிங்ஸ் 3 இலட்சம் ரூபாவுக்கு மேல் கையூட்டுப் பெற்றார் என அவர் பேரவையில் முறையிட்டார். மே மாதத்தில் அவரே சிறைப்பட்டார். இறந்துபோன பணவணிகர் ஒருவர் பெயரில் கள்ள முறி எழுதினார் என்பது வழக்கு. யூன் 16 இல் யூரிமார் அவரைக் குற்றவாளி என்றனர். இந்நாட்டு வழக்கில் உயிர்பறிக்கும் குற்றமாகாத அச்செயலுக்கு, இங்கிலாந்துச் சட்டப்படி மரணதண்டனை விதிக்கப்பட்டது.

மன்னரிடம் மேன்முறையீடு செய்ய அவர் அனுமதி வேண்டினார். அனுமதிக்கவும், மன்னர் கருத்துத் தெரியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கவும் 1774 ஆம் ஆண்டுப் பட்டயம் நீதிமன்றுக்கு அதிகாரம் தந்திருந்தது. இலண்டனுக்குக் கப்பல் சென்று மீள ஓராண்டு செல்லும். வங்க நவாபும் தண்டனையை நிறுத்துமாறு எழுதினார். தலைமை நீதியரசர் எலிஜா இம்பேயின் மன்று இணங்கவில்லை. ஓகஸ்ட் 5 இல், தீர்ப்பின் 50 ஆம் நாள், நந்தகுமாரர் கலங்காது தூக்குமேடை ஏறினார்.

முதல்நாள் அவர் தளபதி கிளாவரிங்கிடம் சேர்ப்பித்த விண்ணப்பம், ஓகஸ்ட் 14 இல்தான் பேரவையில் வைக்கப்பட்டது. பின்னர் அது கொலையாளியின் கையால் எரிக்கப்பட்டது.

இம்பேமீது 1788 இல் பாராளுமன்றத்தில் விசாரணை எழுந்தது, குற்றச்சாட்டுத் தோற்றது. வென்றிருந்தாலும் நந்தகுமாரர் மீள்வாரா?

எல்லாக் கட்டளைகளும் மேன்முறையீட்டுக்காக நிற்கவேண்டும் என நான் வாதிடேன். அவ்வாறாயின் வரியிறுப்பவர் எவருமிரார். செலுத்திய பணத்தைத் திருப்பித் தரலாம். பறித்த பதவியையும் மீட்டுத் தரலாம். மீட்க முடியாததைப் பறிக்கும் கட்டளை மட்டுமேனும் காத்திருக்க வேண்டும். அது காத்திராவிடில், மேன்முறையீடு என்பது பிணத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டே.